இலையைக் கிள்ளாமல் வளர்ச்சியை அளக்க: ஸ்கேலா, செல்போனா, மெஷினா?

தொட்டியில் மொத்தம் 20 கத்தரிச் செடி. வாராவாரம் இலைப் பரப்பு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார் கைடு. இலையைப் பறித்து மெஷினில் விட்டால் நல்ல எண் கிடைக்கும், ஆனால் அடுத்த வாரம் அளக்க அந்த இலை இருக்காது, நாலு வாரத்தில் செடி மொட்டையாகிவிடும். வேளாண்மை, தாவரவியல் மாணவர்களின் கேள்விகளில் பாதி இந்த இடத்தில் வந்துதான் முட்டி நிற்கிறது. மீதிப் பாதி, புராஜெக்ட் செய்ய வைக்கும் பள்ளி ஆசிரியர்களும் மாடித் தோட்டக்காரர்களும் கேட்பது: செல்போனில் போட்டோ எடுத்தால் போதாதா?

சில சமயம் போதும். பல சமயம் ஸ்கேலே போதும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இலை வளரும் வேகம் மட்டும் வேண்டுமென்றால், பரப்பைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் கிடையாது. கருவியில் போடுகிற காசையும் நேரத்தையும், அதே இலையைத் தவறாமல் திரும்பத் திரும்ப அளப்பதில் போட்டால் லாபம் அதிகம். ஏன் என்பதற்குக் கணக்கு கீழே வருகிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், எந்த எண் வேண்டும்? மூன்று வேறு வேறு எண்களை எல்லோரும் "இலை வளர்ச்சி" என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஓர் இலையின் அசல் பரப்பு, சதுர சென்டிமீட்டரில். ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்குக் கணக்குகளுக்கு இதுதான் வேண்டும். அந்தப் பரப்பு நாளுக்கு எத்தனை சதவீதம் கூடுகிறது என்பது இரண்டாவது. வயலில் ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்பது மூன்றாவது, 1947இல் டி. ஜே. வாட்சன் வரையறுத்த இலைப் பரப்புக் குறியீடு இது. இந்த மூன்றில் உங்களுடையது எது என்று தெரியாமல் கருவி தேடினால் கண்டிப்பாகத் தப்பான கருவிதான் கைக்கு வரும்.

அடுத்து, எந்த மாதிரிப் பிழை வந்தால் தாங்கும்? கை நடுங்கி ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் அளப்பது ஒரு வகை. நிறைய அளந்தால் அது அடங்கிவிடும். எல்லா இலையையும் எப்போதும் 10 சதவீதம் கூட்டியே காட்டுவது இன்னொரு வகை. ஆயிரம் இலை அளந்தாலும் இது போகாது. ஆனால் வளர்ச்சி வேகத்தைக் கணக்கிடும்போது இந்த இரண்டாவது பிழை தானாகவே அடிபட்டுப் போகும், முதலாவதுதான் படுத்தும்.

நேரம் என்பது அலட்சியமாக விட்டுவிடுகிற விஷயம். 20 செடி, செடிக்கு 8 இலை, ஆக 160 இலை. இலைக்கு 2 நிமிடம் என்றால் 5 மணி நேரம் 20 நிமிடம். 20 விநாடி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் சோம்பல் மட்டும் பிரச்சினை இல்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலைத் தாண்டினால், கடைசியில் அளக்கும் இலைகள் வாடித் தொங்கியிருக்கும், தண்ணீர் குறைந்த மக்காச்சோளம் என்றால் இலையே சுருண்டிருக்கும். வாட்டத்தைத்தான் வளர்ச்சி என்று எழுதி வைப்பீர்கள்.

இலையின் வடிவம், பணம், இதெல்லாம் சொல்லாமலே தெரியும். சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: பறிக்கவில்லை என்பதற்காகச் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்க வேண்டாம். அடிக்கடி தொட்டு, வளைத்து, நிமிர்த்தினால் வளர்ச்சி குறையும் செடிகள் இருக்கின்றன. யாரும் தொடாத இரண்டு மூன்று செடிகளை ஓரமாக விட்டுவைத்து, கடைசியில் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

## ஸ்கேலும் ஒரு கெழுவும்

1911இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இ. ஜி. மான்ட்கோமரி மக்காச்சோளத்துக்குக் கொடுத்த சூத்திரம்: நீளம் × அகலம் × 0.75. நூறு வருஷம் தாண்டியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. 80 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம் என்றால் 540 சதுர செ.மீ. அந்த 0.75 வானத்திலிருந்து குதித்ததல்ல. இலையைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால், அதில் எத்தனை பங்கை இலை அடைக்கிறது என்பதுதான் கெழு. முக்கோணம் பாதியை அடைக்கும், நீள்வட்டம் 0.785ஐ அடைக்கும், மக்காச்சோளம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. நெல்லுக்கும் 0.75 என்று போடுவது வழக்கம், வாழைக்கு 0.8.

அளக்கும் முறையில்தான் எண் கெடுகிறது. மக்காச்சோளத்தில் நீளம் என்பது தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறை முடிந்து விரிந்த இலைப் பகுதி தொடங்கும் அந்த வெளிறிய மடிப்பிலிருந்து நுனி வரை. அகலம் என்பது கண்ணுக்குப் பிடித்த இடத்தில் அல்ல, மிக அகலமான இடத்தில். குருத்திலிருந்து பாதி வெளியே வந்த இலைக்கு 0.75 போடாதீர்கள். வெளியே தெரிவது நுனிப் பாகம் மட்டும், அது கிட்டத்தட்ட முக்கோணம், கெழு கீழே இறங்கும்.

மறைந்திருக்கும் செலவு முதலில் அகலத்தில் இருக்கிறது. 9 செ.மீ. அகல இலையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஒரு சதவீதம்தான். 1.2 செ.மீ. அகலமுள்ள நெல் இலையில் அதே மில்லிமீட்டர் 8 சதவீதம். நெல்லுக்கு ஸ்கேல் வேண்டாம், மில்லிமீட்டரைவிட நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் எடுங்கள்.

அப்புறம் சராசரி. எல்லா இலையின் நீளத்துக்கும் ஒரு சராசரி, அகலத்துக்கும் ஒரு சராசரி எடுத்து, கடைசியில் இரண்டையும் பெருக்குகிறவர்கள் நிறைய. 4 × 2 ஓர் இலை, 10 × 5 ஓர் இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல்கள் 8, 50, சராசரி 29. ஆனால் சராசரி நீளம் 7, சராசரி அகலம் 3.5, பெருக்கினால் 24.5. ஒரே அடியில் 15 சதவீதம் காணாமல் போய்விட்டது. ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியே பெருக்கிவிட்டுத்தான் சராசரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கெழுவையே கடன் வாங்குவது. வேறு ரகத்துக்கு, வேறு மண்ணில் யாரோ போட்ட எண் உங்கள் செடிக்குப் பொருந்தும் என்று உத்தரவாதம் கிடையாது. அசல் பரப்பு வேண்டுமென்றால் அதே ரகத்தில் இரண்டு மூன்று செடிகளைப் பலி கொடுக்கத் தனியாக வளர்க்கத்தான் வேண்டும். சின்னது முதல் பெரியது வரை 40 இலை, ஒவ்வொன்றுக்கும் நீளம் அகலம் எடுத்து, பிறகு பறித்து அசல் பரப்பு எடுத்து, எக்செலில் பூஜ்யம் வழியாகப் போகும் கோடு போட்டால் அதன் சாய்வுதான் உங்கள் கெழு. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98 வந்ததும் மயங்கிவிடாதீர்கள். 5 சதுர செ.மீ. இலையும் 150 சதுர செ.மீ. இலையும் ஒரே படத்தில் இருந்தால் எந்தச் சுமாரான கோட்டுக்கும் ஆர் ஸ்கொயர் அழகாக வரும். பார்க்க வேண்டியது மிச்சப் பிழை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது: சின்ன இலைகள் எல்லாம் கோட்டுக்கு ஒரு பக்கம், பெரியவை எல்லாம் மறுபக்கம் என்று பிரிந்து நின்றால், இலை வளர வளர வடிவம் மாறுகிறது, ஒற்றைக் கெழு போதாது என்று அர்த்தம். அப்போது நீளம் × அகலம் பெருக்கலுக்கு ஓர் அடுக்கு (பவர்) சேர்க்க வேண்டும், அல்லது இளம் இலைக்கும் முதிர்ந்த இலைக்கும் தனித்தனிக் கெழு.

இப்போது அந்தக் கணக்கு. ஒரு கத்தரி இலை 6 × 4 இருக்கிறது, மூன்று நாள் கழித்து 7.5 × 5. பெருக்கல் 24லிருந்து 37.5. கெழு 0.6 என்றால் பரப்பு 14.4லிருந்து 22.5, 0.7 என்றால் 16.8லிருந்து 26.25. இரண்டிலும் விகிதம் 1.5625. இயல் மடக்கை எடுத்தால் 0.446, மூன்றால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 15 சதவீதம். கெழு என்னவாக இருந்தாலும் விடை மாறவில்லை. வடிவம் மாறாதவரை, வளர்ச்சி வேகம் கேட்பவருக்குக் கெழுவே தேவையில்லை. இது தெரியாமல் கெழு தேடி ஒரு செமஸ்டரைத் தொலைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

## கிராஃப் தாளும் தராசும்

இலையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து கட்டம் எண்ணுவது. செடியிலேயே வைத்து வரையலாம், ஆனால் மெதுவானது, கை வலிக்கும், காம்பு முறியும். வாராந்திர அளவுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கெழு கண்டுபிடிக்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் இது தங்கம், அதுவும் எண்ணாமலே செய்யலாம். 80 ஜிஎஸ்எம் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம், அதாவது ஒரு கிராம் என்பது 125 சதுர செ.மீ. இலை உருவத்தை வரைந்து கத்தரித்து, மில்லிகிராம் காட்டும் தராசில் போட்டு, 125ஆல் பெருக்கினால் பரப்பு. கட்டின் மேல் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், முழு ஏ4 தாள் ஒன்றையும் நிறுத்துப் பாருங்கள். அதன் பரப்பு 623.7 சதுர செ.மீ., எடை 5 கிராமுக்கு ஒரு மயிரிழை குறைவாக வர வேண்டும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்திருக்கும், அதற்கும் இந்தச் சோதனையே மருந்து.

## செல்போன் போட்டோ

வெண்டை, பப்பாளி, மரவள்ளி மாதிரி விரல் விரலாகப் பிரிந்த இலைகளுக்கும், புழு கடித்து ஓட்டை விழுந்த இலைகளுக்கும் இதுதான் வழி. ஸ்கேலுக்கு ஓட்டை தெரியாது. மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டுப் போன இலைக்கும் அதே நீளம் அகலம்தான் காட்டும்.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் வேன் ராஸ்பாண்ட் உருவாக்கிய, படத்திலிருந்து பரப்பு அளக்கும் இமேஜ்ஜே சாஃப்ட்வேர் இலவசம். 2014இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து வந்த ஈஸி லீஃப் ஏரியாவும் இலவசம். பக்கத்தில் அளவு தெரிந்த சிவப்புச் சதுரம் ஒன்றை வைத்து எடுத்தால், பச்சைப் புள்ளிகளையும் சிவப்புப் புள்ளிகளையும் எண்ணி அதுவே பரப்பைச் சொல்லும். இமேஜ்ஜேக்கு அளவுகோலாக ஏடிஎம் கார்டு போதும், உலகம் முழுக்க 85.6 × 53.98 மி.மீ.தான். எண்ணுள்ள பக்கத்தைக் கவிழ்த்து வையுங்கள், போட்டோ எங்கெல்லாம் போகுமோ.

இதன் மறைமுகச் செலவு தூரமும் சாய்வும். செல்போன் 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கார்டு தாளின் மேல் கிடக்கிறது, இலை மட்டும் மேலே 2 செ.மீ. எழும்பி நிற்கிறது என்றால், 30ஐ 28ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 1.148. பரப்பு 15 சதவீதம் ஊதிவிட்டது. செல்போனை 60 செ.மீ.க்கு உயர்த்தினால் அதே பிழை 7 சதவீதம். ஆகவே தள்ளி நின்று ஜூம் செய்வது நல்லது. இலை 30 டிகிரி சாய்ந்திருந்தால் 13 சதவீதம் குறையும். இதைவிடத் தொல்லை என்னவென்றால், இந்தப் பிழைகள் இலைக்கு இலை, வாரத்துக்கு வாரம் மாறும். வளர்ச்சி வேகக் கணக்கில் அடிபட்டுப் போகாது. இலைக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டை, மேலே ஒரு கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடு, கார்டும் அதே தகட்டுக்குள். இரண்டு கை போதாது, துணைக்கு ஓர் ஆள் வேண்டும். வெயில் நேராக அடித்தால் இலையின் மினுமினுப்பு வெள்ளையாக விழும், நிழலைச் சாஃப்ட்வேர் இலை என்று எண்ணிக்கொள்ளும், குடை பிடியுங்கள்.

வயலில் 10 விநாடியில் எடுத்த போட்டோ, ராத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் ஒன்றுக்கு 2 நிமிடம் கேட்கும். எந்தப் போட்டோ எந்த இலை என்று குழம்பினால் அதற்குமேல். செடி எண், இலை எண், தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

## கையடக்க இலைப் பரப்பு மெஷின்

லை-கோர் 3000சி போன்றவை. அந்தக் கம்பெனி இருப்பதும் நெப்ராஸ்காவிலேயே, லிங்கன் நகரில். மான்ட்கோமரி மண்ணுக்கு இலை அளக்கும் ராசி போலிருக்கிறது. செடியில் இருக்கும் இலையைத் தலைப்பகுதிக்குள் வைத்து இழுத்தால் ஸ்கேன் ஆகிவிடும். ஒழுங்கற்ற வடிவம், ஓட்டை, எதுவும் பிரச்சினை இல்லை. பிழையும் குறைவு.

விலை லட்சங்களில். சொந்தமாக வாங்கப் போவது யாருமில்லை, எனவே உண்மையான செலவு லேபில் வரிசையில் நிற்பது. செவ்வாய்க்கிழமை தவறாமல் அளக்க வேண்டிய உங்களுக்கு, வேறொருவர் வெள்ளிக்கிழமைதான் மெஷினைத் திருப்பித் தருவார். வாழை இலை இதன் வாய்க்குள் நுழையாது. நாலு நாள் வயதான மென்மையான கத்தரிக் குருத்தை இழுத்தால் கிழியும். இரண்டு தடவை இழுத்துப் பார்த்து எண் ஒத்துவருகிறதா என்று கவனியுங்கள். கெழு கண்டுபிடிக்கும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு, மீதி சீசனை ஸ்கேலில் ஓட்டுவதுதான் என் யோசனை.

## மேலிருந்து ஒரே போட்டோ

வயலுக்கு. ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேனோப்பியோ செயலி, மேலிருந்து எடுத்த படத்தில் எத்தனை சதவீதம் பச்சை என்று சில விநாடியில் சொல்லும். ஆனால் அது தரையை மூடிய அளவு, இலைப் பரப்பு அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் மூன்று இலை அதற்கு ஒரே இலைதான். பயிர் சின்னதாக இருக்கும்வரை இரண்டும் சேர்ந்தே ஏறும். வரிசைகள் மூடிக்கொண்ட பிறகு செயலி நூற்றுக்குப் பக்கத்திலேயே நிற்கும், கீழே இலை கூடிக்கொண்டே போகும். களையும் பச்சைதான் என்பதை மறக்க வேண்டாம்.

| வழி | எதற்கு ஏற்றது | ஓர் இலைக்கு நேரம் | பணம் | காலை வாரும் இடம் |
|---|---|---|---|---|
| ஸ்கேல் + கெழு | வளர்ச்சி வேகம். கெழு போட்டால் பரப்பும் | அரை நிமிடத்துக்குள் | ஏறக்குறைய இல்லை | பிரிந்த இலை, ஓட்டை, குறுகிய இலை |
| தாள் + தராசு | கெழு கண்டுபிடிக்க | பல நிமிடம் | தராசு இருந்தால் இல்லை | ஈரம், பொறுமை |
| செல்போன் | பிரிந்த இலை, பூச்சி தின்ற இலை | வயலில் சில விநாடி, வீட்டில் நிமிடங்கள் | கண்ணாடி, அட்டை | உயரம், சாய்வு, நிழல் |
| கையடக்க மெஷின் | அசல் பரப்பு, எந்த வடிவமும் | சில விநாடி | லட்சங்கள் | கிடைப்பது, குருத்து, அகன்ற இலை |
| மேலிருந்து போட்டோ | வயலின் ஆரம்ப வளர்ச்சி | இலைக் கணக்கே இல்லை | இல்லை | வரிசை மூடிய பிறகு |

## அளந்தாயிற்று, எந்தக் கோடு?

இங்கேயும் அதே குழப்பம்தான், ஆடம்பரமான சமன்பாடு வேண்டும் என்ற ஆசை. உங்களிடம் எத்தனை புள்ளி இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முடிவு செய்யும்.

மூன்று நாலு புள்ளி, அதுவும் இலை இளசாக இருக்கும்போது மட்டும் என்றால், மடக்கை எடுத்து நேர்கோடு. நாளுக்கு இத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெல், மக்காச்சோளம் போன்றவற்றில் இலை அடியிலிருந்து தள்ளப்பட்டு நீள்வதால் நடுவில் சில நாட்கள் நீளம் கிட்டத்தட்ட ஒரே சீராக ஏறும். அங்கே மடக்கைகூட வேண்டாம், நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்பது போதும்.

இலை தோன்றியதிலிருந்து வளர்ச்சி நின்றுபோகும்வரை எட்டுப் பத்துப் புள்ளி இருந்தால் எஸ் வளைவு: முதலில் மெதுவாக, நடுவில் வேகமாக, கடைசியில் அடங்கி ஏறும் கோடு. லாஜிஸ்டிக் (வெர்ஹுல்ஸ்ட், 1838) இறுதி அளவின் சரிபாதியில் வேகத்தின் உச்சியைத் தொடும். கோம்பெர்ட்ஸ் (1825, மனிதர்களின் சாவுக் கணக்குக்காக வந்தது) 37 சதவீதத்திலேயே தொட்டுவிட்டு மெல்ல அடங்கும். உங்கள் இலை சீக்கிரம் வேகமெடுத்து, பிறகு இழுத்துக்கொண்டே போகிறதென்றால் கோம்பெர்ட்ஸ். 1959இல் வந்த ரிச்சர்ட்ஸ் வளைவு அந்த உச்சியை எங்கே வேண்டுமானாலும் வைக்க விடும், ஆனால் கூடுதலாக ஒரு மாறிலி கேட்கும். எட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டு அதைப் பொருத்தினால் மாறிலிகள் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லும். எந்த எஸ் வளைவானாலும், இலை வளர்ந்து நின்ற பிறகும் இரண்டு மூன்று தடவை அளந்தாக வேண்டும். அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் இறுதிப் பரப்பு என்று கம்ப்யூட்டர் தருவது வெறும் ஜோசியம்.

நாளைக் கிடைமட்ட அச்சில் போடுவதா, வெப்பத்தைப் போடுவதா? ஒரே தொட்டி வரிசை, ஒரே சீசன் என்றால் நாளே போதும். மார்கழியில் விதைத்ததையும் சித்திரையில் விதைத்ததையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால் வெப்பக் கணக்குக்கு மாறுங்கள்: அன்றைய அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கூட்டி இரண்டால் வகுத்து, மக்காச்சோளத்துக்கு 10 கழிப்பது வழக்கம். 34, 24 என்றால் 29, அன்றைய கணக்கில் 19 சேரும். ஒரு நெருடல் என்னவென்றால், மக்காச்சோளத்தின் வளரும் நுனி ஆரம்ப வாரங்களில் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதற்குக் காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பம்தான் முக்கியம்.

பரப்பே வேண்டாம், செடிகள் ஒரே வயதில் இருக்கின்றனவா என்று மட்டும் தெரிய வேண்டுமா? 1957இல் எரிக்சனும் மிக்கலீனியும் கொண்டுவந்த பிளாஸ்டோக்ரான் குறியீடு இருக்கிறது. 10 மி.மீ. நீளத்தைத் தொட்ட கடைசி இலை எத்தனையாவது என்று எண்ணி, அதற்கு அடுத்து வரும் இலையின் நீளத்தையும் வைத்துச் செடியின் வயதைப் பின்னத்தோடு சொல்லும். ஸ்கேல் மட்டும் போதும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை அளப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு அளவிலும் 5 சதவீதப் பிழை என்றால் இரண்டு அளவின் வித்தியாசத்தில் 7 சதவீதம் ஏறும். இலை நாளுக்கு 15 சதவீதம் வளர்கிறதென்றால், தினமும் அளப்பவரின் வேகத்தில் கிட்டத்தட்ட பாதி வெறும் பிழை. நாலு நாளைக்கு ஒரு தடவை அளப்பவருக்கு அதே பிழை எட்டில் ஒரு பங்குதான். தினமும் அளப்பது சிரத்தை மாதிரித் தெரியும், பலன் குறைவு.

## யாருக்கு எது

கத்தரித் தொட்டி மாணவருக்கு: ஸ்கேல், வாரம் இரண்டு தடவை, காலை ஒரே நேரம். செடிக்கு மூன்று இலையில் காம்பில் தளர்வாக நூல் கட்டி அடையாளம் வைத்து, அதே இலைகளை மட்டும் தொடருங்கள். புள்ளியியலுக்குப் போகும்போது 60 இலை இருக்கிறது என்று 60 என எழுதிவிடாதீர்கள், உங்களிடம் இருப்பது 20 செடிதான். கைடு அசல் பரப்பு கேட்டால் மட்டும் பலிச் செடியும் கெழுவும்.

பூச்சி சேதம் பார்ப்பவருக்கும் வெண்டைக்காரருக்கும் செல்போன், கண்ணாடித் தகட்டோடு. உளுந்து, தட்டைப்பயறுக்கு மூன்று சிற்றிலையில் நடு இலையை மட்டும் ஸ்கேலால் அளந்து, மொத்தத்துக்குத் தனிக் கெழு போட்டுக்கொள்ளலாம். தக்காளி வம்பு பிடித்தது: முழு இலையின் நீளம் அகலம் எடுத்தாலும் கோடு வரும், ஆனால் சிதறல் அதிகம், இலை எண்ணிக்கையைக் கூட்டித்தான் சமாளிக்க வேண்டும்.

முருங்கையில் இறங்கியிருப்பவர்கள் சிற்றிலைகளை எண்ணி, ஒரு சிற்றிலையின் சராசரிப் பரப்பால் பெருக்குங்கள். அடிப் பாகத்துச் சிற்றிலையும் நுனிச் சிற்றிலையும் ஒரே அளவு அல்ல என்பதால் சராசரிக்கு இரண்டு இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள், பிள்ளைகளுக்கு முருங்கையைக் கொடுக்காதீர்கள், அவரையைக் கொடுங்கள்.